பட்டணத்தில் ராத்திரி எங்கே படுப்பது

— இன்னா கேட்ட? இன்னொரு தபா கேளு தேவகி. காக்காய்க்குக் கேட்டா போதாது, குப்பத்துக்கே கேக்கணும்.

— சென்னப்பட்டணத்துல ராத்திரி எங்க படுக்கறதுனு கேட்டேன்.

— ஆங்! இந்த வாயாலயே கேக்கணும்னு அம்மன் வெச்சிருக்கா பாரு. நான் கருவாட்டுக் கூடையத் தூக்கிக்கினு பட்டணம் போய் வந்த காலத்துல, "இருசம்மா ராத்திரிக்கு எங்க படுக்கறாளோ, யாரு கண்டா"னு கெணத்தாண்ட நின்னு சொன்னவ யாரு?

— நான்தான்.

— சொன்னியா இல்லியா?

— சொன்னேன்னுதான சொல்றேன். அது கெடக்கட்டும். எடத்தச் சொல்லு.

— கெடக்கட்டுமா? அந்த ஒத்தப் பேச்சுல என் வூட்டுக்காரரு கூடைய ஒடச்சி அடுப்புல வெச்சாரு. அன்னியில இருந்து இந்த ஏரிக்கரையத் தாண்டினதில்ல நான். கெடக்கட்டுமாம்!

— அக்கா, நேரமாவுது.

— அக்காவா? அண்ணன் பொண்டாட்டி நானு, தம்பி பொண்டாட்டி நீ. ஒரே கூரையில கஞ்சி குடிச்ச நாள்ல கூட உன் வாயில அக்கா வரல. இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா அதுக்கு?

— சரி, அக்கா இல்ல. இருசம்மா. இந்தக் குப்பத்துல பட்டணத்த மிதிச்ச பொம்பள உன்னத் தவிர வேற யாரும் இல்ல. இருந்திருந்தா உன் வாசப்பக்கம் தலை வெச்சிக்கூட படுக்கமாட்டேன்.

— அப்டி மெய்யப் பேசு. பேசிக்கினே இந்தப் பொடி எறாவத் திருப்பிப் போடு. உன் கதையக் கேக்கறதுக்கு என் சரக்கு ஒரு பக்கமா காயணுமா?

— திருப்பறேன். நீ சொல்லு.

— எதுக்குப் போற?

— தெரியாத மாதிரி கேக்காத. வர்ற அமாவாசைக்கு ஏரியில பாடு பிரிக்கறாங்க. எந்த வூடு எந்தத் துறையில வலை போடணும், எந்த முறைக்குப் போடணும்னு அன்னிக்குப் பேசினா பேசினதுதான். பட்டணம் போன எம் புள்ள மூர்த்தியோட நைனா வந்து நிக்கலனா எங்க வூட்டுப் பாடு போச்சி.

— போச்சினா? யாருக்குப் போவும்?

— என் வாயால கேட்டா இனிக்குதா? உன் புருசனுக்குத்தான் போவும். கூடப் பொறந்த அண்ணனாச்சே.

— அப்ப நீ பட்டணத்துல தெக்கு வடக்கு தெரியாம சுத்தினா எனக்குத்தான் லாபம். அது தெரிஞ்சிக்கினே என்னாண்ட வந்து வழி கேக்கறியே, மண்டையில மெய்யாலுமே மூளை இருக்குதா?

— நீ கெட்டவதான். ஆனா பொய் சொன்னா உனக்கு வாய் ஒரு பக்கமா கோணும். பாத்திருக்கேன். கோணுதானு பாத்துக்கினே கேக்கறேன்.

— ஷோக்கா பேசற. கேட்டுக்கோ மவராசி, ஒரு தபாதான் சொல்வேன். உள்பக்கமா திருப்பாலைவனம், மீஞ்சூரு வழியா போவாத. நடுவுல சுங்கச்சாவடி இருக்குது. தலையில எந்த மூட்டை இருந்தாலும் எறக்கச் சொல்லி ஒரு கை அள்ளிப்பான். கடலோரமா போ. வாடைக் காத்து முதுகத் தள்ளும், அது கூலி கேக்காது.

— குறுக்க எண்ணூரு கழி வருமே.

— வரும். தோணிக்காரன் நிப்பான். கரையில ஒரு கூலி சொல்வான், நடுத் தண்ணியில வேற கூலி சொல்வான். ஏறாத. தண்ணி வத்தற வரைக்கும் குந்தியிரு. வத்தினா இடுப்பளவுதான். கடல் பக்கமா எறங்காம மேக்கால எறங்கு.

— மேக்கால சேறு. கால் பொதையும். சேத்துல மாட்டிக்கினு போய்ச் சேரட்டும்னு சொல்றியா?

— வாய் கோணுச்சா?

— இல்ல.

— அப்ப மூடிக்கினு கேளு.

— துட்டு எவ்ளோ எடுத்துக்கினு போறது?

— எடுக்கவே எடுக்காத. ஒல்லாந்தன் துட்ட நம்ம கோட்டை வாசல்ல நீட்டினா அரிசி வரும். அங்க நீட்டினா, காசு மாத்தறவன் ஏதோ செத்த எலியப் பாக்கற மாதிரி பாப்பான். பாதிக்குப் பாதி புடிச்சிக்கினுதான் இங்கிலீசுக்காரன் காசு குடுப்பான். நீ இந்தப் பொடி எறாவ எடுத்துக்கினு போ. பெத்துநாயக்கன்பேட்டை பொம்பளைங்க இத மோந்து பாத்தாங்கனா மொறத்தோட அரிசியக் கொண்டாருவாங்க. மூட்டையா காட்டாத, கொறச்சிக் கேப்பாங்க. சின்னச் சின்ன முடிச்சா போட்டு இடுப்புல சொருகிக்கோ. ஒரு முடிச்ச எடுத்து, "கடைசி இதான் இருக்குது"னு சொல்லு.

— பொய் சொல்லமாட்டியே நீ.

— அது பொய் இல்லடி, வேவாரம்.

— சோறு?

— உச்சிப் பொழுதுக்குச் சோத்துக்கடை பக்கம் போவாத. பொழுது சாயச்சொல்ல போ. கடைய மூடறப்ப மீந்தத அதே கை பாதி வெலைக்கு வழிச்சி வெக்கும். அதே சோறு, அதே கொழம்பு. பெரிய மனுசனுங்க சாப்புட்டு எழுந்த எலையில ஈ மொய்க்கறத மட்டும் பாக்காத.

— தண்ணியுமா வெல?

— தண்ணிக்குத்தான் மொதல்ல வெல. காவடியில தூக்கிக்கினு வந்து குடம் குடமா விக்கறான். இங்க எறைச்சிக் கொட்டற தண்ணிய அங்க பாக்கு மாதிரி நறுக்கி விக்கறானுங்க. பேட்டைக்குப் பின்னால ஒரு தோட்டம் இருக்குது. தோட்டக்காரி பேரு கஸ்தூரி. அவளுக்குத் தெனம் ஒரு புடி கருவாடு குடுத்தா, குளிக்கக் குடிக்க அவ கெணத்துல நீ எறைச்சிக்கலாம். நான் அனுப்பினேன்னு சொல்லு.

— உன் பேரச் சொல்லணுமா?

— வலிக்குதா? வலிக்கட்டும். சொல்லாட்டி நாய அவுத்து வுட்ருவா.

— சொல்றேன். வேற?

— வேற இன்னா. மாடி வூட்டப் பாத்து வாயப் பொளக்காத. நின்னியோ, வளையல்காரன் கையப் புடிச்சி நாலு மாட்டிடுவான், கழட்டினா ஒடஞ்சதுக்கும் காசு கேப்பான். பழவேற்காடுனு சொல்லாத, எண்ணூருனு சொல்லு. பழவேற்காடுனா ஒல்லாந்தன் அனுப்பின ஆளானு கோட்டைச் சேவகன் குடைவான். அப்பறம், இத நல்லா காதுல வாங்கிக்கோ. "வா தாயே, வேலை இருக்குது, சோறு போடறேன்"னு எவனாவது தேன் மாதிரி கூப்புட்டா, பின்னால போவாத. கப்பல்ல ஏத்திடுவான். போன பொம்பளைங்க எந்தக் கரையில எறங்கினாங்கனு இது வரைக்கும் சேதி கெடையாது.

— படுக்கற எடத்த இன்னும் சொல்லல நீ.

— அவசரமா? அதக் கடைசியா சொல்லணும்னு வெச்சிருந்தேன். உன் மூஞ்சியப் பாத்துக்கினே சொல்லணும்னு.

— பாரு. சொல்லு.

— சத்திரம் சத்திரம்னு சொல்வாங்க, அங்க நம்மள வாசப்படி ஏத்தமாட்டான். பட்டணத்துக்கு வடக்கால கடலோரம் நம்ம சனங்க குப்பம் இருக்குது. நேரா அம்மன் கோயிலாண்ட போய்க் குந்து. எதுவும் கேக்காத. யாராவது ஒருத்தி வந்து எந்தக் கரைனு கேப்பா. சொன்னா, எழுப்பமாட்டாங்க. அந்தூரு பொம்பளைங்க, கைக்கொழந்தைங்க, கெழவிங்க எல்லாம் காத்துக்காக அங்கதான் படுப்பாங்க. அவங்க நடுவுலதான் நான் படுத்தேன். என் மேல ஒரு கொழந்தை மூத்திரம் பேஞ்சிச்சி, ஒரு கெழவி விடிய விடிய இருமினா. அதான் நான் பட்டணத்துல படுத்த படுக்கை.

— ம்.

— ம்மா? இன்னும் கொஞ்சம் சொல்லு பாப்போம்.

— சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. மேல சொல்லு. எவ்ளோ நாள் இருக்க வுடுவாங்க?

— திமிரு எறங்கல பாரு உனக்கு! சும்மா குந்தினா ரெண்டாம் நாளே மொகம் சுளிப்பாங்க. விடியச்சொல்ல வலை இழுப்பாங்க இல்ல, போய்க் கயித்தப் புடி. கயித்தத் தொட்டவளுக்கு ஒரு கை மீன் குடுத்தே ஆவணும். அங்கயும் அதான் கட்டு. மீன அவிச்சிக் கோயில்ல படுத்திருக்கறவளுங்களுக்கும் குடு. சோம்பேறினு பேர் வாங்காத... ஏன்டி திருப்பச் சொன்னா சரக்க மண்ணுல தள்ளற?

— காத்து தள்ளுது, நான் தள்ளல!

— கை தள்ளுது! கண்ணு எங்கயோ இருக்குது! எதையும் உருப்படியா செஞ்சதில்ல நீ!

— ஏ அம்மாடிங்களா! இன்னா கூச்சல் இது? ஏரிக்கு அந்தாண்ட கோட்டையில இருக்கற ஒல்லாந்தன், சண்டைனு நெனச்சி பீரங்கிய இந்தப் பக்கம் திருப்பிடப் போறான்.

— வா தலையாரி மாமா. சரியான நேரத்துல வந்த. இவளுக்கு ஒரு நாயம் சொல்லு.

— இந்தத் துளசிங்கம் நாயம் சொல்ற ஆளு இல்ல இருசம்மா, சேதி சொல்ற ஆளு. நாயத்த நாட்டாரு பாத்துப்பாரு. தேவகி, உன்னத்தான் தேடிக்கினு வந்தேன். பாடு பிரிக்கறப்ப உன் வூட்டுக்காரன் வரதன் வந்து நிப்பானா மாட்டானானு பெரியவங்க கேட்டுக்கினு வரச் சொன்னாங்க.

— நானே போய் இட்டாரேன் மாமா. இன்னிக்கே கெளம்பறேன்.

— அப்ப பேஜார் இல்ல. பொண்டாட்டி இட்டாரப் போயிருக்கானு சொல்லிடறேன். அவ திரும்பி வர்ற வரைக்கும் அந்த வூட்டுப் பாட்ட ஒருத்தரும் தொடக்கூடாது. அது பெரியவங்க வெச்ச கட்டு.

— அவ வர நாளாச்சினா?

— ஆவட்டுமே. கடல்ல போனவனத் தேடினாலும், பட்டணத்துல போனவனத் தேடினாலும், தேடறவளுக்கு நாள் குறிக்க முடியுமா?

— ஆளே இல்லாமப் பூட்டா? அதையும் இவ காதுல போடு மாமா. தெரிஞ்சிக்கினு போவட்டும்.

— த்தூ! வாயக் கழுவு இருசம்மா. ஆளு பூட்டா அன்னிக்கே பாடு தாமோதரனுக்கு. உன் வூட்டுக்குத்தான். போதுமா?

— எம் புள்ள மூர்த்தி இருக்கான் மாமா.

— இருக்கான். கண்ணாலம் ஆவாதவன் பாட்டுக்கு நிக்க முடியாதே தாயே. பேசினபடி தையில தாலி கட்டட்டும், அப்பால நைனா எடத்துல அவன் ஜம்முனு நிக்கலாம், எவனும் அசைக்க முடியாது. அதுக்குள்ள எதுக்கு அபசகுனமா பேசிக்கினு? நான் அந்தப் படவு நெழல்ல குந்தி ஒரு வாய் பொகையிலை போட்டுக்கறேன். மறுபடி கூச்சல் கேட்டுது, நாட்டாராண்ட ரெண்டு பேரையும் நிறுத்திடுவேன்.

— நிறுத்து, நிறுத்து. போய் மெல்லு.

— கேட்டுட்ட இல்ல? ஆளு பூட்டா உனக்குத்தான். மனசு ரொம்பிச்சா?

— நானா அவனப் போவச் சொன்னேன்? உன் வாய்க்குப் பயந்துதான் வரதன் பட்டணம் போனான். ஊரே சொல்லுது.

— ஆமா. ஒல்லாந்தன் கப்பல் இங்க வராமப் போனதுக்கும் என் வாய்தான் காரணம். சரக்கு எறக்க ஆள் வேணாம்னு படவுங்கள கரையில ஏத்திப் போட்டானே, அதுக்கும் என் வாய்தான். கப்பல் எங்க நிக்குதோ அங்க படவு வலிக்கப் போனாரு. உன் புருசன மாதிரி ஏரியையே முறைச்சிக்கினு குந்தல.

— என் புருசன இழுத்தினா பல்லு எகிறிடும்.

— எகிறட்டும். மழைக்கு எங்க ஒதுங்கறது?

— இன்னா?

— பட்டணத்துல. அடமழைனா கோயில் மறைப்புல நிக்க முடியாதே. எங்க ஒதுங்கறது?

— அதுக்குள்ள நீ திரும்பிடுவியே. அமாவாசைக்கு இன்னும் எவ்ளோ இருக்குது?

— கெடைக்க நாளானா? தெரிஞ்சி வெச்சிக்கறேன்.

— கவுத்துப் போட்ட படவுங்க இருக்கும். கீழ மணல பறிச்சிட்டுப் பூந்துக்கோ. நண்டு வரும், பொறுத்துக்கோ.

— அங்க காய்ச்சல் வருமாமே.

— வரும். கஸ்தூரியாண்ட போ. நெலவேம்பு குடுப்பா. வைத்தியன்கிட்ட போனா, நாடி புடிக்கறதுக்கு முன்னால முந்தானையத்தான் புடிச்சி அவுப்பான், எவ்ளோ முடிஞ்சி வெச்சிருக்கனு பாக்க.

— கார்த்திகையில அலை பெருசா இருக்குமே. கயிறு இழுப்பு இருக்குமா, இல்ல வேற வேலை பாக்கணுமா?

— கார்த்திகையா?

— அந்தக் கஸ்தூரி தோட்டத்துல களை எடுக்க ஆள் வெச்சிப்பாளா? மார்கழிப் பனிக்கு அங்கயே ஒரு மூலை குடுப்பாளா?

— நில்லு. நிறுத்துடி.

— இன்னா?

— என்னப் பாரு. படுக்க எடம் கேட்ட. தண்ணி கேட்ட, சோறு கேட்ட. மழைக்குக் கேட்ட, காய்ச்சலுக்குக்கூட கேட்ட. படவுக்காரனுங்க எந்தக் கரையில இருப்பானுங்க, யாரக் கேட்டா வரதன் இருக்கற எடம் தெரியும், அத ஒரு தபா கூட நீ கேக்கல. கேப்ப, கேப்பனு சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன். கேக்கறப்ப உன்ன இன்னும் கொஞ்சம் கெஞ்ச வுடலாம்னு. நீ கேக்கவே இல்லியேடி.

— தேடறதுக்கு ஒண்ணும் இல்ல.

— இன்னா சொல்ற நீ?

— மெதுவா பேசு. படவாண்ட இருந்து மாமா பாக்கறாரு. ஆவணியில கப்பல் சரக்க ஏத்திக்கினு படவு கரைக்கு வரச்சொல்ல அலை தூக்கிடுச்சாம். படவு கவுந்து அவரு மேலயே வுழுந்துடுச்சாம். கூட வலிச்ச தேசப்பன்னு ஒரு ஆளு வடக்கால போற வழியில வந்து எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. அங்கயே மண்ணு போட்டுட்டாங்களாம்.

— வரதனா? நம்ம வரதனா? நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப இடுப்பு உசரம்தான்டி இருப்பான். என் கூடைய மொதல்ல தலைக்கு ஏத்தி வுட்டவனே அவன்தான். ஐயோ...

— அழுவாத. அழுதா தெரிஞ்சிடும். நான் அழுவறனா பாரு.

— மூர்த்திக்குத் தெரியுமா?

— தெரியாது. உன்னத் தவிர யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியக்கூடாதுனுதான் இருந்தேன்.

— இன்னா பண்ணப் போறடி?

— தை வரைக்கும் அங்க உசுரப் புடிச்சிக்கினு கெடக்கப் போறேன். நான் தேடிக்கினு இருக்கற வரைக்கும் பாட்ட யாரும் தொடமாட்டாங்க. மூர்த்தி தாலி கட்டட்டும். நைனா எடத்துல போய் நிக்கட்டும். அப்பால வந்து அழுதுக்கறேன்.

— பெத்த புள்ள கண்ணாலத்துக்கு நீ இருக்கமாட்டியே.

— பெரியம்மா நீ இருக்க. முன்ன நின்னு நடத்த மாட்டியா?

— என்ன நம்பியாடி போற? இப்ப நான் ஒரு குரல் குடுத்தா போதும். அங்க பொகையிலை மெல்றவரு காதுல வுழுந்துதுனா பொழுது சாயறதுக்குள்ள பாடு என் வூட்டுது.

— தெரியும். குடுக்கறதுனா குடு. மறைக்கறதுக்கு இனிமே என்னாண்ட தெம்பு இல்ல.

— சேதி கேட்டதும் தலை முழுவினியா?

— எப்டி முழுவறது? கண்ட நேரத்துல ஈரத் தலையோட நின்னா இன்னா ஏதுனு கேக்கமாட்டாங்களா? தீட்டோடதான் ஆக்கறேன், தீட்டோடதான் புள்ளைக்குப் போடறேன். அவருக்கு ஒரு முழுக்குக்கூட போட முடியலியேனு நெஞ்சிலயே நிக்குது.

— இப்ப எனக்கும் தீட்டுதான். அவன் அண்ணிடி நானு.

— மாமா எழுந்து வராரு. நாம ரெண்டு பேரும் மெதுவா பேசினா அவருக்கு சந்தேகம் வராதா? ஏதாவது சொல்லு.

— ஏன்டி நாறவாயி! யாரப் பாத்துடி அந்தச் சொல்லு சொன்ன? உன் காதுக்கு மட்டும் சொல்றேன், திருப்பிக் கத்துடி, நிறுத்தாத. என் கொண்டையப் புடி. புடிச்சி ஏரிக்குள்ள இழு. ரெண்டு பேருக்கும் தலை முழுவணும்.